மூன்று வாரம் ஏன் ஆகிறது?

தலைவலிக்குப் பாராசிட்டமால் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வலி தணிகிறது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை அன்றைக்கே பலன் தருகிறது. ஆனால் மனச்சோர்வுக்கு ஃப்ளுவாக்செடினோ எஸ்சிட்டலோபிராமோ எழுதிக் கொடுக்கும் மருத்துவர், 'உடனே எதுவும் தெரியாது. இரண்டு மூன்று வாரம் விடாமல் சாப்பிடுங்கள்' என்று சொல்லித்தான் அனுப்புவார். மருந்து மூளைக்குப் போய்ச் சேர அவ்வளவு நாள் ஆகிறதா என்றால், இல்லை. நரம்பணுக்கள் (பாடப்புத்தகத்தில் நியூரான் என்று படித்தவைதான்) ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று செரோட்டோனின். ஒரு நரம்பணு இதை வெளியே விட்டு, வேலை முடிந்தபின் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த மருந்துகள் அந்த உறிஞ்சலைத் தடுக்கின்றன. அதனால் நரம்பணுக்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளியில் செரோட்டோனின் கூடுதல் நேரம் தங்குகிறது. முதல் மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்திலேயே இது நடந்துவிடுகிறது. வேதியியல் மாற்றம் அன்றே வந்துவிட்டது என்றால், மனம் மட்டும் ஏன் வாரக்கணக்கில் காத்திருக்கிறது?

இந்தக் கேள்வி மனச்சோர்வு மருந்துகள் பற்றிய பழைய விளக்கத்தையே ஆட்டம் காண வைத்தது. அந்த விளக்கம் பிறந்த விதம் இது. 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ மருத்துவமனையில், காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமானார்கள். செரோட்டோனின், நார்அட்ரினலின் போன்றவற்றைச் சிதைக்கும் ஒரு நொதியை அந்த மருந்து முடக்குகிறது என்று தெரிந்தது. அதே பத்தாண்டில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைக் குறைப்பதைக் கண்டார். அதுவும் இதே வேதிப்பொருள்களின் அளவைத்தான் உயர்த்தியது. மருந்து எதைக் கூட்டுகிறதோ அது குறைந்ததால்தான் நோய் வந்தது என்ற முடிவுக்கு வருவது சுலபம். 1987-இல் ஃப்ளுவாக்செடின் அமெரிக்காவில் அனுமதி பெற்றபின், 'மூளையில் செரோட்டோனின் குறைவு' என்பது வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. ஆனால் இந்தத் தர்க்கத்தில் ஓட்டை உண்டு. பாராசிட்டமாலால் தலைவலி போகிறது என்பதற்காக, உடம்பில் பாராசிட்டமால் குறைந்ததுதான் தலைவலிக்குக் காரணம் என்று யாரும் சொல்வதில்லை. குறைவை நிரப்புவது மட்டுமே மருந்தின் வேலை என்றால், நிரம்பிய அன்றே குணம் தெரிய வேண்டும். தெரியவில்லை. ஆகவே செரோட்டோனின் உயர்வு தொடக்கம் மட்டுமே, அதன் பிறகு மூளையில் மெதுவாக வேறு ஏதோ நடக்கிறது என்று ஊகிக்க வேண்டியதாயிற்று. பாலில் உறைமோர் விடுவது ஒரு நொடி வேலை. தயிராக ஓர் இரவு வேண்டும். அந்த ஓர் இரவில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதே ஆய்வாளர்கள் முன் நின்ற புதிர்.

அதற்குக் கிடைத்த துணிச்சலான விடைகளில் ஒன்று, அப்போது மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றன என்பது. இதைத் துணிச்சல் என்று சொல்லக் காரணம் உண்டு. வளர்ந்த மூளையில் புது நரம்பணு பிறக்காது என்பது நூறாண்டுக் காலக் கோட்பாடு. நரம்பணுக்களின் வடிவத்தை உலகுக்கு வரைந்து காட்டிய ஸ்பெயின் நாட்டு மேதை சாண்டியாகோ ரமோன் இ கஹாலே அப்படித்தான் முடிவு கட்டியிருந்தார். தோல் உரிந்தால் புதுத்தோல் வரும், எலும்பு முறிந்தால் கூடும், மூளையணு செத்தால் செத்ததுதான் என்று மருத்துவ மாணவர்கள் படித்தார்கள். 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜோசப் ஆல்ட்மன் இதைச் சோதித்துப் பார்த்தார். அவர் கையாண்ட முறை எளிமையானது. ஓர் அணு இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கிறது. அதற்கான மூலப்பொருள்களில் ஒன்று தைமிடின். லேசான கதிரியக்கம் ஏற்றிய தைமிடினை எலிக்கு ஊசி மூலம் செலுத்தினால், அந்த நேரத்தில் பிரிந்துகொண்டிருக்கும் அணுக்கள் மட்டுமே அதை எடுத்துக்கொள்ளும். பிறகு மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, மேலே ஒளிப்படப் பசையைப் பூசி, இருட்டில் வாரக்கணக்கில் வைத்தால், கதிரியக்கம் உள்ள அணுக்களின் மேல் கரும்புள்ளிகள் தோன்றும். புள்ளி விழுந்த நரம்பணு, ஊசி போட்ட பிறகு பிறந்தது என்று பொருள். வளர்ந்த எலியின் மூளையில் ஆல்ட்மன் அத்தகைய புள்ளிகளைக் கண்டார். அவர் சொன்னதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1980-களில் ஃபெர்னாண்டோ நோட்டெபாம் வளர்ந்த கேனரிப் பறவைகளின் மூளையில், பாட்டோடு தொடர்புடைய பகுதியில், புது நரம்பணுக்களைக் காட்டியபோதும், 'அது பறவை, இது மனிதன்' என்ற பதில்தான் வந்தது.

மனிதனிடம் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. ஆனால் வேறொரு காரணத்துக்காக யாரோ ஏற்கெனவே செய்திருந்தார்கள். புற்றுக்கட்டி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று அளக்க, சில நோயாளிகளுக்கு ப்ரோமோடீஆக்ஸியூரிடின் என்ற பொருளை ஏற்றுவது உண்டு. அதுவும் தைமிடினைப் போலவே பிரியும் அணுக்களின் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஏற்றப்பட்டு, பின்னர் நோயால் இறந்த ஐந்து பேரின் மூளையை ஸ்வீடனின் பீட்டர் எரிக்ஸனும் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஃப்ரெட் கேஜும் ஆராய்ந்தார்கள். அந்த அடையாளம் தாங்கிய நரம்பணுக்கள் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் இருந்தன. இறந்தவர்கள் இளைஞர்களும் அல்லர். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். 1998-இல் வெளியான இந்தக் கட்டுரைதான் நூறாண்டுக் கோட்பாட்டின் மேல் விழுந்த பெரிய அடி. ஹிப்போகாம்பஸ் மூளையின் இரு பக்கமும், காதுக்கு நேர் உள்ளே, சுருண்டு கிடக்கும் பகுதி. புது நினைவுகள் பதிவதற்கும், உடல் தன் அழுத்த ஹார்மோனைக் கட்டுக்குள் வைப்பதற்கும் அது தேவை. மன அழுத்தம் எலிகளிலும் குரங்குகளிலும் அங்கே புது நரம்பணுப் பிறப்பைக் குறைக்கிறது என்பதை எலிசபெத் கூல்டு முதலியோர் 1990-களில் காட்டியிருந்தார்கள். அழுத்தம் குறைக்கிறது என்றால், மனச்சோர்வு மருந்து கூட்டுமா?

2000-ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தின் ரொனால்டு டூமன் குழு இதற்கு விடை சொன்னது. எலிகளுக்கு வெவ்வேறு வகை மனச்சோர்வு மருந்துகளையும், மின்னதிர்ச்சிச் சிகிச்சையையும் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாமே ஹிப்போகாம்பஸில் புதிதாகப் பிறக்கும் அணுக்களைக் கூட்டின. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் கூட்டவில்லை. சில நாள் மட்டும் கொடுத்த ஃப்ளுவாக்செடினும் கூட்டவில்லை. வாரக்கணக்கில் கொடுத்தபோதுதான் எண்ணிக்கை உயர்ந்தது. வேலை செய்யும் விதத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சிகிச்சைகள் ஒரே இடத்தில் வந்து சந்தித்தன. பலன் தெரிய ஆகும் காலமும் பொருந்திவந்தது. எலியில் புதிதாகப் பிறந்த அணு வளர்ந்து, கிளைவிட்டு, மற்ற நரம்பணுக்களோடு இணைய சுமார் நான்கு வாரம் ஆகும்.

ஆனாலும் இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. புது அணுக்கள் பிறக்காமல் தடுத்துவிட்டு மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் உண்மையான சோதனை. 2003-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரெனே ஹென், லூகா சாண்டரெல்லி குழு அதைச் செய்தது. ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்ட சுண்டெலியைப் பழக்கமில்லாத, வெளிச்சமான பெட்டியின் மூலையில் விடுகிறார்கள். நட்ட நடுவில் ஒரு துண்டு தீனி. சுண்டெலிக்கு வெட்டவெளி என்றால் பயம். பசி முன்னே இழுக்கிறது. பயம் சுவரோரமாகவே ஓடவைக்கிறது. முதல் கடிக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் குறிக்கிறார்கள். ஃப்ளுவாக்செடின் ஐந்து நாள் தின்ற சுண்டெலி, மருந்தே தின்னாதது போலத் தயங்கியது. நான்கு வாரம் தின்றது சீக்கிரம் நடுவுக்கு வந்து கடித்தது. அடுத்து, வேறு சுண்டெலிகளின் உடம்பையும் மூளையின் மற்றப் பகுதிகளையும் ஈயத் தகட்டால் மறைத்து, ஹிப்போகாம்பஸ் மேல் மட்டும் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினார்கள். பிரியும் அணுக்களைக் கதிர் அழித்துவிடும். முதிர்ந்த நரம்பணுக்கள் தப்பிக்கும். இந்தச் சுண்டெலிகள் நான்கு வாரம் மருந்து தின்றும் பயம் குறையவில்லை. பலவித அழுத்தங்களால் ரோமம் கலைந்து அழுக்கேறிக் கிடந்த சுண்டெலிகள் மருந்து தின்றதும் தங்களை நக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கின. கதிர் பட்டவை தொடங்கவில்லை. புது அணு இல்லையேல் மருந்தின் பலனும் இல்லை என்று இந்தச் சோதனை சொன்னது. பின்னர் குரங்கிலும் இதே கேள்வியைக் கேட்டார்கள். நம் கோயில் படிக்கட்டுகளில் தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுமே, அந்த நாட்டுக்குரங்கு இனத்தில்தான் டாரிக் பெரேரா குழு சோதனை நடத்தியது. அங்கும் கதிர்வீச்சால் புது அணுப் பிறப்பைத் தடுத்தபோது மருந்தின் பலன் மங்கியது.

பிறக்கும் அணுக்கள் ஹிப்போகாம்பஸின் மொத்தத்தில் சிறு பங்கே. அவை எப்படி இவ்வளவு செய்ய முடியும்? புது நரம்பணு, முதிர்ந்ததைவிட எளிதில் தூண்டப்படும். புது இணைப்புகளை எளிதில் ஏற்படுத்திக்கொள்ளும். அதனால் அது இரண்டு வேலைகளில் உதவுவதாகத் தெரிகிறது. ஒன்று, ஒத்த அனுபவங்களைப் பிரித்து வைப்பது. நேற்று ரயில்நிலையத்தில் வண்டி நிறுத்திய இடத்தையும் இன்று நிறுத்திய இடத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கிறோமே, அந்தத் திறன். இது குன்றினால், ஒரு மேலதிகாரி திட்டியது எல்லா மனிதர்களின் மேலும் பயமாகப் பரவலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மற்றது, அழுத்த ஹார்மோனுக்குக் கடிவாளம் போடுவது. 2011-இல் ஜேசன் ஸ்னைடர், ஹெதர் கேமரன் குழு, புது நரம்பணு பிறக்காத சுண்டெலிகளில் அழுத்தத்துக்குப் பிறகு அந்த ஹார்மோன் இறங்க அதிக நேரம் எடுத்ததைக் காட்டியது.

இதுவரை சொன்னதோடு நிறுத்திவிட்டால் கதை அழகாக இருக்கும். ஆனால் எதிர்வாதங்கள் வலுவானவை. முதலாவது, வளர்ந்த மனிதனில் இது நடக்கிறதா என்பதே மறுபடி கேள்விக்குள்ளானது. 2018-இல் ஒரு மாத இடைவெளியில் நேரெதிரான இரண்டு கட்டுரைகள் வந்தன. கலிஃபோர்னியாவின் ஷான் சாரல்ஸ், ஆர்தூரோ அல்வாரெஸ்-புய்யா குழு 59 மூளை மாதிரிகளைப் பார்த்துவிட்டு, பதின்பருவத்துக்குப் பிறகு இளம் நரம்பணு எதுவும் தென்படவில்லை என்றது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மௌரா போல்ட்ரீனி குழு 14 முதல் 79 வயது வரை 28 பேரின் மூளையைப் பார்த்துவிட்டு, முதுமையிலும் இருக்கிறது என்றது. இருவரும் தேடியது இளம் நரம்பணுவில் மட்டும் இருக்கும் சில புரதங்களை. இறந்தபின் மூளை எத்தனை மணி நேரம் கழித்து எடுக்கப்பட்டது, பதப்படுத்தும் திரவத்தில் எவ்வளவு காலம் ஊறியது என்பதைப் பொறுத்து அந்தப் புரதங்கள் மறைந்துவிடக்கூடும். 2019-இல் மாட்ரிட்டின் மரியா யோரென்ஸ்-மார்ட்டின் குழு இதைக் கவனித்து, குறைந்த நேரமே பதப்படுத்திய 13 பேரின் மூளையில் ஆயிரக்கணக்கான இளம் நரம்பணுக்களைக் கண்டது. அதே மூளையைக் கூடுதல் நேரம் ஊறவைத்தபோது அவை கண்ணுக்குத் தட்டுப்படுவது குறைந்தது.

புரதத்தை நம்பாத வேறொரு சாட்சியும் இருக்கிறது; அது அணுகுண்டிலிருந்து வந்தது. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியில் குண்டு வெடித்துச் சோதித்தபோது, காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறியது. 1963-இல் அத்தகைய சோதனைகளுக்குத் தடை வந்தபின் மெல்ல இறங்கிவருகிறது. தாவரம் வழியாகவும் உணவு வழியாகவும் அது எல்லோருடைய உடம்புக்கும் வந்தது. ஓர் அணு பிறக்கும்போது காற்றில் இருந்த அளவே அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடுகிறது. ஸ்வீடனின் யோனாஸ் ஃப்ரிசென் குழு ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களின் டி.என்.ஏ.வைப் பிரித்து இந்தக் கார்பனை அளந்தது. அவற்றில் ஒரு பகுதி, அந்த மனிதர் பிறந்து பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவை என்று தெரிந்தது. ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்கு சுமார் 700 என்று 2013-இல் கணக்கிட்டார்கள். 2025-இல் அதே குழு, வளர்ந்தவர்களின் ஹிப்போகாம்பஸில் பிரிந்துகொண்டிருக்கும் மூல அணுக்களையே அடையாளம் கண்டது. ஆளுக்கு ஆள் அவற்றின் எண்ணிக்கை பெரிதும் மாறுபட்டது. சர்ச்சை முடிந்துவிடவில்லை. ஆனால் தராசு 'பிறக்கிறது' என்ற பக்கமே சாய்கிறது என்பது நியாயமான தீர்ப்பு.

இரண்டாவது எதிர்வாதம் காலக்கணக்கு பற்றியது, இதுதான் கூர்மையானது. எலியின் நான்கு வாரம் மனிதனின் மூன்று வாரத்தோடு பொருந்தியதை ஆதாரமாகக் கொண்டோம். ஆனால் குரங்கில் புது நரம்பணு முதிர ஆறு மாதமாவது ஆகிறது. மனிதனில் அதைவிடக் குறையும் என்று நினைக்க இடமில்லை. அப்படியானால் மூன்றாம் வாரத்தில் மனம் தெளிபவருக்கு உதவியது அந்த மாதத்தில் பிறந்த அணுவாக இருக்க முடியாது. அதோடு, கவனமாக அளந்தால் சிலருக்கு முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே சிறு முன்னேற்றம் தொடங்கிவிடுகிறது. கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் சில மணி நேரத்திலேயே மனச்சோர்வு தணிகிறது. அணு பிறந்து வளர அங்கே அவகாசமே இல்லை. மூன்றாவதாக, மற்றொரு சுண்டெலி இனத்தில் புது அணு கூடாமலேயே ஃப்ளுவாக்செடின் நடத்தையை மாற்றியது. அணு மட்டும் கூடினால் போதாது என்பதற்கும் சான்று உண்டு. ஹென் குழுவே 2011-இல் மரபணுவை மாற்றி, மருந்தே இல்லாமல் புது நரம்பணுக்களைப் பெருக்கிய சுண்டெலிகளை உருவாக்கியது. அவற்றின் பிரித்தறியும் திறன் கூடியது. சாதாரண நிலையில் பயமோ சோர்வோ குறையவில்லை.

இத்தனைக்கும் பிறகு எது மிஞ்சுகிறது? புது அணுவைத் தனிக் காரணமாக நிறுத்தாமல், பெரிய மாற்றம் ஒன்றின் ஒரு பகுதியாகப் பார்த்தால் எல்லாச் சான்றுகளும் ஒன்றோடொன்று இணங்குகின்றன. அந்தப் பெரிய மாற்றத்துக்கு மூளையின் நெகிழ்திறன் என்று பெயர்: அனுபவத்துக்கேற்ப இணைப்புகளை வெட்டவும் ஒட்டவும் மாற்றியமைக்கவும் அதற்குள்ள ஆற்றல். நீடித்த அழுத்தம் இந்த ஆற்றலைக் குன்றச் செய்கிறது; இருக்கும் நரம்பணுக்களின் கிளைகளும் சுருங்குகின்றன. 1,728 மனச்சோர்வு நோயாளிகளின் மூளைப் படங்களைப் பிறரோடு ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வில், அவர்களின் ஹிப்போகாம்பஸ் சராசரியாக ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் சிறுத்திருந்தது. மருந்து எதிர்த்திசையில் வேலை செய்கிறது. நரம்பணுக்களை வளர்க்கும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் கூடுகிறது. இருக்கும் அணுக்கள் கிளைவிடுகின்றன. ஏற்கெனவே பிறந்து பாதி வளர்ந்த அணுக்கள் விரைந்து முதிர்கின்றன என்று சுண்டெலியில் கண்டிருக்கிறார்கள். புது அணுவும் பிறக்கிறது. 2021-இல் ஹெல்சிங்கியின் ஈரோ காஸ்ட்ரேன் குழு, ஃப்ளுவாக்செடின், இமிப்ரமின், கெட்டமின் மூன்றுமே பி.டி.என்.எஃப். வந்து அமரும் ஏற்பியில் நேரடியாகவே ஒட்டுகின்றன என்று காட்டியது. வழக்கமான மருந்துகள் அங்கே வலுவாக ஒட்டுவதில்லை. மூளையில் போதிய அளவு சேர்ந்த பிறகே பலன் தரும். தாமதத்துக்கு அதுவும் ஒரு விளக்கம். இந்தப் பார்வையில், முதல் வாரங்களின் பலன் பெரும்பாலும் பழைய அணுக்கள் நெகிழ்வதால் வருவது. மாதங்கள் கழித்து முதிரும் புது அணுக்கள் அந்தப் பலன் நிலைக்க உதவலாம்.

நெகிழ்திறன் என்ற விளக்கத்துக்கு நடைமுறைப் பொருளும் உண்டு. நெகிழ்ந்த மூளை எந்தப் பக்கம் வளையும் என்பதைச் சூழலும் தீர்மானிக்கிறது. மருந்தும் மனநல ஆலோசனையும் சேர்ந்தால் தனித்தனியே கிடைப்பதைவிடப் பலன் கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணமாகலாம். சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகளிலும் ஹிப்போகாம்பஸில் புது நரம்பணுக்கள் கூடின. ஆனால் ஓட்டம் நல்லது என்பதால் மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்வதும் தவறு. மருந்து பலிக்கிறதா என்ற கேள்வியும், எப்படிப் பலிக்கிறது என்ற கேள்வியும் வேறு வேறு. முதல் கேள்விக்கு விடை எலியிடமிருந்து வரவில்லை. 522 மருத்துவச் சோதனைகளை, 1,16,477 நோயாளிகளை உள்ளடக்கி 2018-இல் லான்செட் இதழில் வெளியான தொகுப்பாய்வு, அது எடுத்துக்கொண்ட 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேல் என்றது. அந்த மேன்மை சராசரியில் மிதமானது என்றும் சொன்னது. புது நரம்பணு பற்றிய கருத்து நாளை முழுக்கத் தவறென்று ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆகவே மாத்திரை தொடங்கிய பத்தாம் நாள் 'ஒன்றும் தெரியவில்லையே' என்று நிறுத்திவிடாதீர்கள். மூளை தன்னை மாற்றிக்கொள்ள நாளாகும். மூன்றாம் மாதம் 'சரியாகிவிட்டதே' என்றும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் போன்ற தொல்லைகள் வரலாம், நோயும் திரும்பலாம். தொடக்க வாரங்களில், அதிலும் இளம் வயதினருக்கு, பதற்றம் கூடினாலோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினாலோ அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் அவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவுகள்.